உறுதியாகவா, ஓரளவுக்கா?

"சூப் எப்படி ரஸ்? ரொம்ப நல்லாருக்கா, ஓரளவு நல்லாருக்கா, ஓரளவு மோசமா, ரொம்ப மோசமா?"

லோயிஸ் மிஹாலிக் இதை விளையாட்டுக்குக் கேட்பதில்லை. கையில் கரண்டியோடு, நாலு பதில்களையும் ஒரே குரலில், எதற்கும் கூடுதல் அழுத்தம் கொடுக்காமல் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கணவர் ரஸ் ரயில்பெட்டிப் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

"சூப்பு சூப்பு மாதிரி இருக்கு."

"அப்ப 'கருத்து இல்லை'ன்னு வெச்சுக்கறேன்" என்று உப்பை அவர் பக்கம் நகர்த்துவார் லோயிஸ். அந்த மேசையில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். சூப் ஓரளவு நன்றாகவே இருக்கும்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. பதினோரு வருடமாகத் தொலைபேசியில் கருத்துக்கணிப்பு எடுக்கிறார். பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுனில் முன்பு கம்பளக் கடை இருந்த கட்டடத்தில், தடுப்பு வைத்த நாற்பது மேசைகளோடு எங்கள் அலுவலகம் இருக்கிறது. நான் அங்கே மேற்பார்வை. மற்ற வருடங்களில் பற்பசையைப் பற்றியும் நாய் பிஸ்கட்டைப் பற்றியும் கேட்போம். அதிபர் தேர்தல் வருடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாத காரணத்தால், மூன்று நாளைக்கு ஒரு வேட்பாளர் விமானத்தில் வந்து இறங்கி, எங்கள் ஊர் சாண்ட்விச்சைக் கடித்துப் படம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார்.

நூறு பேரைக் கூப்பிட்டால் தொண்ணூற்றெட்டு பேர் பட்டென்று வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் அடுத்த அழைப்புக்குத் தாவும்போது, லோயிஸ் மட்டும் செத்துப்போன இணைப்பில் "நல்லா இருங்க" என்று சொல்லி முடிப்பார். ஏன் என்று கேட்டேன்.

"அவங்க வெச்சுட்டாங்க கண்ணு. நான் இன்னும் வெக்கலையே."

பேசுகிறவர்களில் பாதிப்பேர் பதில் சொல்வதில்லை, திட்டுவார்கள். "ரெண்டு பேருமே களவாணிப் பசங்கம்மா" என்பார் ஒருவர். "சரிங்க. முதல் வேட்பாளர் மேல உங்க அபிப்பிராயம் ஓரளவு மோசமா, ரொம்ப மோசமா?" என்பார் லோயிஸ். காலையில்தான் நாய் செத்துப்போனது என்று ஒரு பெரியவர் ஒன்பது நிமிடம் அழுதார். லோயிஸ் முழுக்கக் கேட்டுவிட்டு, அழுகை ஓய்ந்ததும் விட்ட கேள்வியை முதலிலிருந்து படித்தார். அந்தப் பெரியவர் முப்பத்தொரு கேள்விக்கும் பதில் சொல்லி, கடைசியில் நன்றியும் சொன்னார். "சரி, நீ யாருக்கும்மா போடுவ?" என்று எல்லோரும் கேட்பார்கள். "உங்க கருத்துதாங்க எங்களுக்கு முக்கியம்" என்பார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தியதில்லை.

முடிவுகளை அவர் பார்ப்பதே கிடையாது. ரஸ்தான் காலையில் செய்தித்தாளைப் பிரித்துச் சத்தமாகப் படிப்பார்.

"நம்ம ஆளு ரெண்டு புள்ளி முன்னால." அடுத்த நாள் அதே ஆள் ஒரு புள்ளி பின்னால் போனதும், "எல்லாம் புருடா. என் ஆயுசுக்கும் என்னை ஒருத்தனும் கூப்பிட்டுக் கேட்டதில்ல."

"தெரியாத நம்பர்னா நீ எடுக்கறதே இல்லையே, ரஸ்."

"தெரியாத நம்பரை எவன் எடுப்பான்?"

"நூத்துல ரெண்டு பேரு."

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் வறுத்த மீன் சாப்பிடப் போனாலும் இதே கதைதான். வரிசையில் நிற்கிறவர்கள் அவர் காதருகே குனிவார்கள். "யாரு ஜெயிப்பா லோயிஸ்? உனக்குத் தெரியாததா?" அவர் தட்டை நீட்டிக்கொண்டே, "எண்ணூத்திப் பன்னெண்டு பேரைக் கேட்டோம்" என்பார். ஏதோ பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி அவர்கள் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

அவர் காரில் எந்த வேட்பாளரின் ஸ்டிக்கரும் கிடையாது. அக்டோபரில் அவர் தெருவில் வீட்டுக்கு வீடு வேட்பாளர் பெயர் எழுதிய அட்டை நட்டிருக்கும். மிஹாலிக் வீட்டுப் புல்வெளியில் புல் மட்டும்தான் இருக்கும். போன தேர்தலின்போது அங்கேயும் ஒரு அட்டை இருந்தது. அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ரஸ். லோயிஸ் சொன்னதே இல்லை.

அட்டையை நட்டவர் ரஸ். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த மகன் டெரிக் அதைப் பிடுங்கிக் கையோடு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். அப்பனும் மகனும் அரைமணி நேரம் கத்தினார்கள். கடைசியில் டெரிக் தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, நீ சொல்லு. ஒரே ஒரு தடவை நீ என்ன நினைக்கறேன்னு சொல்லு. அவர் பக்கம்னாலும் பரவால்ல." லோயிஸ் பாத்திரத்தைத் தூக்கினார். "உருளைக்கிழங்கு இன்னும் யாருக்கு வேணும்?"

டெரிக் போனவன் போனவன்தான். நம்பரை மாற்றிவிட்டான். எந்த ஊரில் இருக்கிறான் என்றும் தெரியவில்லை. நாலு வருடம் ஆயிற்று.

"எம்மேல இருக்கற கோவம் ஆறிடும்" என்றார் ரஸ். "நாங்க ரெண்டு பேரும் கத்தித் தீத்துட்டோம். அவ மேலதான் அவனுக்கு ஆறல."

இந்த வருடம் லோயிஸ் பற்பசைக் கணிப்புகளுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாநிலம் முழுக்க எடுக்கிற தேர்தல் கணிப்பு என்றால் மட்டும் எந்த நாளும், எந்த நேரமும். செப்டம்பரில் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "தானா டயல் பண்ற இந்த மெஷின் ஏதாவது நம்பரை விட்டுடுமா?" என்று கேட்டார்.

"விடாது. மாநிலத்துல இருக்கற எல்லா நம்பருக்கும் ஒரே வாய்ப்பு."

"நல்லது கண்ணு" என்று போய் உட்கார்ந்துகொண்டார். எத்தனை லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று நான் கணக்குச் சொல்லவில்லை. எண்ணுகிற வேலை அவருடையது அல்ல.

அக்டோபர் கடைசி ஞாயிறு, மதியம் மூன்றரை. ஊரே கால்பந்தாட்டம் பார்க்கிற நேரம் என்பதால் வசவு வழக்கத்தைவிட அதிகம். நடக்கிற அழைப்புகளில் ஒன்றிரண்டை ஒட்டுக்கேட்பது என் வேலை. ஏழாம் எண் மேசையின் இணைப்பைத் திறந்தேன்.

"வணக்கம், என் பேர் லோயிஸ். மாநிலம் முழுக்க ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கறோம். நாங்க எதையும் விக்கல."

அந்தப் பக்கம் ஆட்டத்தின் இரைச்சல் குறைந்தது. யாரோ ஒலியைத் தணித்திருக்க வேண்டும்.

"அம்மா?"

லோயிஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் பதினெட்டு வயசு ஆயிடுச்சுங்களா?"

"அம்மா, நீதானா?"

"ஆயிடுச்சு, ஆகல. ரெண்டுல எதுங்க?"

"ஆயிடுச்சு" என்றான் டெரிக். "முப்பத்தி நாலு."

"நன்றிங்க."

பதில் சொல்கிறவர் தெரிந்தவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும், குறியீடு நாற்பத்தொன்று போட வேண்டும் என்பது விதி. அவர் செய்யாவிட்டால் நான் செய்ய வேண்டும். என் மேசையில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. நான் இளகின மனம் படைத்த ஆள் அல்ல. பதில் சொன்னவரிடம் "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று சொன்னதற்காக அதே மாதத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நாடு சரியான பாதையில் போகிறதா, தப்பான பாதையிலா என்று கேட்டார். தப்பான பாதை என்றான். யாருக்கு ஓட்டு என்று கேட்டார். சொன்னான். ரஸ்ஸின் ஆள் இல்லை.

"உறுதியாகவா, இல்ல மாறறதுக்கு வாய்ப்பு இருக்குங்களா?"

"மாறாது. அது உனக்கே தெரியும்."

"'உறுதி'ன்னு போட்டுக்கறேங்க. போன ஒரு மாசத்துல குடும்பத்தாரோட தேர்தல் பத்தி எவ்வளவு தடவை பேசினீங்க? தினமும், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, எப்பவாவது, பேசினதே இல்ல."

"பேசினதே இல்ல." பிறகு, "தேர்தல் மட்டுமில்ல, எதைப் பத்தியுமே பேசினதில்லன்னு ஒரு கட்டம் இருக்கா அதுல?"

"இல்லைங்க. அப்படி ஒரு கட்டம் இல்ல."

"நீ என்னம்மா நினைக்கற? அன்னிக்கே கேட்டேன்."

"உங்க கருத்துதாங்க எங்களுக்கு முக்கியம்" என்றார் லோயிஸ். தெர்மாஸிலிருந்து வெந்நீர் ஒரு மடக்குக் குடித்தார். டெரிக் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "சரி, அடுத்ததைக் கேளு" என்றான்.

கடைசியில் ஆளைப் பற்றிய கேள்விகள் வரும். யாருக்கும் சுவாரஸ்யம் இல்லாத பகுதி அது. எந்த மாவட்டம்? ஈரி. எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். நாலு வருடமாக அவன் இருந்தது அவ்வளவு தூரத்தில்தான். வேலை? முழுநேரம். கல்யாணம்? ஆயிடுச்சு. ஒவ்வொரு பதிலுக்கும் விசை தட்டும் சத்தம் கேட்டது, ஒரே சீராக.

"உங்க வீட்டுல பதினெட்டு வயசுக்குக் கீழ எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒண்ணு."

விசைச் சத்தம் நின்றது.

"மன்னிக்கணும். கேள்வியை மறுபடி படிக்கறேங்க. உங்க வீட்டுல பதினெட்டு வயசுக்குக் கீழ எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒண்ணுதாம்மா. பொண்ணு. பதினாலு மாசம்."

"அதுக்குக் கட்டம் இல்லைங்க."

"தெரியும். சும்மா சொன்னேன்."

என் திரையிலும் அதே பக்கம்தான் இருந்தது. அதற்குப் பிறகு கேள்வி கிடையாது. "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அழைப்பை முடிக்கவும்" என்று மட்டும் இருந்தது. லோயிஸ் அதைப் படிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், படிக்கிற அதே குரலில், அங்கே இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"இனிமே உங்களை நாங்க கூப்பிடலாங்களா? தினமும், வாரத்துக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு தடவை, கூப்பிடவே கூடாது."

"இது உங்க கேள்வித்தாள்ல இருக்கா?"

"இல்லைங்க."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தரையில் போட்டு உருட்டியது. டெரிக் மூக்கை உறிஞ்சினான். "வாரத்துக்கு ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை கூப்பிடு."

"ஞாயித்துக்கிழமை வேணாம். எனக்கு அன்னிக்கு வேலை. எனக்குச் சனிக்கிழமை வேணும்" என்றார் லோயிஸ். தனக்கு ஒன்று வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவன் சிரித்தானா அழுதானா என்று சொல்லத் தெரியவில்லை. "சனிக்கிழமையே கூப்பிடும்மா. நம்பரை எழுதிக்க" என்றான்.

எங்கள் திரையில் நம்பர் தெரியாது. பதில் சொல்கிறவர்களின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று மேசையில் துண்டுக் காகிதம்கூட வைக்கக் கூடாது. லோயிஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினார். பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தார். பிறகு நன்றி சொன்னார். "நல்லா இருங்க" என்றும் சொன்னார். இந்த முறை அந்தப் பக்கம் கேட்க ஆள் இருந்தது.

இணைப்பு போனதும், நான் சொல்லாமலே, அவர் நாற்பத்தொன்று போட்டார். இருபத்திரண்டு நிமிட நேர்காணல் கணக்கிலிருந்து அழிந்தது. அந்த மாநிலக் கணிப்பில் டெரிக் மிஹாலிக் இல்லை. மறுநாள் ரஸ்ஸின் ஆள் எத்தனை புள்ளி முன்னால் என்று பேப்பரில் போட்டிருந்தார்களோ, அதில் அவன் சேர்த்தி இல்லை.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். இயந்திரம் அடுத்த நம்பரைப் போட்டது. "வணக்கம், என் பேர் லோயிஸ்" என்று தொடங்கினார். ஆறு மணிக்கு வேலை முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. வலது கையின் ஒரு விரலால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தட்டினார். இடது கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது, விரல்கள் உள்ளங்கையைத் தொடாமல் விரிந்து.