ஜெய்னம்பு காய்ச்சிய பாசி

நோன்பு மாதக் கூட்டத்தில், ராமநாதபுரம் மளிகைக்கடையொன்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், நோன்பு திறக்க இனிப்பாகக் காய்ச்சும் கடல்பாசிப் பொடி கேட்டார். கடைக்காரர் எடுத்துப் போட்ட பாக்கெட்டில் வெளிநாட்டு முகவரி. அதைப் பார்த்ததுமே காயும் பாசியின் கவிச்சி மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாடையைச் சட்டையில் சுமந்துகொண்டு ஆறு வருஷம் பஸ்ஸில் போய் வந்தவன் நான். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம் போகிற வழியில், மண்டபம் ஊரில் ஒரு பாசிக் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தேன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், சாக்கு தைப்பதை மேற்பார்க்க வேண்டும், தண்ணி லாரிக்குப் போன் போட வேண்டும். பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசியைக் காயவைத்துக் கப்பலேற்றுவோம். வாங்குகிற நாட்டில் அதைப் பொடியாக்கி நமக்கே விற்பார்கள். இதில் ஒரு விசித்திரமும் எனக்குத் தெரிந்ததில்லை.

தொண்டியிலிருந்து வேதியியல் படித்துவிட்டு வந்த ஜெய்னம்புக்குத் தெரிந்தது. பாசியின் ஈரம் பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. மற்ற நேரத்தில் ஒரு அடுப்பை மூட்டிக்கொண்டாள். பாசியைப் பொடியாக்க நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும். நம் ஊரில் எங்கே போவது? கழுவுகிற வேலையில் பெரும்பங்கைக் கடல் தண்ணீரிலேயே முடிக்க வழி தேடி எட்டு மாதம் காய்ச்சினாள். ஒருநாள் தட்டை நீட்டினாள். அதில் உறைந்திருந்த பாசி கண்ணாடி போலிருந்தது.

"கவிச்சி அடிக்குதாண்ணே?"

"இல்லம்மா." என் மூக்கு என்றோ மரத்துப்போனதைச் சொல்லவில்லை.

முதலாளி தட்டைத் தொடக்கூட இல்லை. "காஞ்ச பாசிய ஏத்திவிட்டா சோலி முடிஞ்சுது. இதக் காய்ச்சி யாருகிட்டக் கொண்டுபோயி நிக்க? தம்பி, அந்த அடுப்ப அமத்தச் சொல்லு."

நான்தான் போய்ச் சொன்னேன்.

அவள் சென்னைக்குப் போய் ஓர் அரசு அலுவலகத்தில் உதவி கேட்டாள். "வெளிநாட்டுல இந்த முறை இருக்கா?" என்றார்களாம். இல்லை என்றிருக்கிறாள். "அப்ப எப்படிம்மா நம்புறது?"

அந்த வருஷம் பாசி வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்தான் அவள் தட்டை மோந்து பார்த்தார், தின்றும் பார்த்தார். பிறகு அவளோடு மூன்று மணி நேரம் பேசினார். ஒரே மாதத்தில் அவர் கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது.

"அண்ணே, முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு பாய்லர் போதும், இங்கனயே இருந்துருவேன்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. எனக்கு என் வேலை பெரிதாக இருந்தது.

அவள் போனாள். மூன்று வருஷத்தில், அவள் முறையில் காய்ச்சிய அந்தக் கம்பெனியின் பொடி நம் ஊர் விலைக்கும் கீழே வந்து இறங்கியது. அவர்கள் பாசியையும் அங்கேயே வளர்க்கத் தொடங்கி, நம்மிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். நாட்டின் போட்டித்திறன் என்று பேப்பரில் பெரிதாக எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

கம்பெனி மூடிக் கிடந்து இடிந்தது. பாசி காய்ந்த களத்தில் சுற்றுலா வேன்கள் நிற்கின்றன. பாசி எடுத்த பெண்களில் பலர் இறால் உரிக்கப் போய்விட்டார்கள்.

என் மகளும் வேதியியல்தான் முடித்திருக்கிறாள். போன வாரம் கேட்டாள்: "அய்யா, நம்ம பக்கத்துல எனக்கு ஏதும் வேல இருக்குமா?"

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு தாயி" என்றேன்.