டப்பாவை முகர்ந்த ஆன்ட்டி

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ ஊரில், என் மகளின் டேகேரில் ஒரு ஆன்ட்டி வேலை பார்த்தார். டிரினிடாட் தீவுக்காரர், நரைத்த சுருட்டை முடி. குழந்தைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மூக்கை நுழைத்து முகர்வார். எனக்கு அருவருப்பாக இருக்கும். ஒருநாள் எங்கள் எலுமிச்சை சாதத்தை முகர்ந்து, "கராப்புலே!" என்று சிரித்தார். வாசனையைக் கேலி செய்கிறார் என்று நினைத்து டேகேர் ஆபீஸில் புகார் செய்தேன். அவர் வேலை போய்விட்டது.

கிளம்பும்போது என்னிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை நீட்டி, ஆங்கிலத்தில் சொன்னார்: "நாத்தம்னு சொல்லலைம்மா. எங்க தீவுல இதுக்குப் பேரே கராப்புலேதான். கரும்புத் தோட்ட வேலைக்கு மெட்ராஸ்ல கப்பல் ஏறின எங்க பாட்டன் விட்டுட்டுப் போன வார்த்தை. வேற தமிழ் எனக்குத் தெரியாது."

புகாரை வாபஸ் வாங்க, ஆபீஸ் கதவு பத்தடியில் இருந்தது. மகளைக் காரில் ஏற்றினேன்.

இன்றும் தாளிக்கும்போது கறிவேப்பிலையை முகர்ந்து, "கராப்புலே" என்று சொல்லிப் பார்க்கிறேன்.