இரண்டாவது கேள்விக்காகப் பன்னிரண்டு புத்தகங்கள்

1. நார்வேயில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் அக்கா போன் செய்தாள். இந்தியாவை அறிமுகப்படுத்த அந்த ஊர் நூலகம் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறது. பன்னிரண்டு புத்தகங்கள், ஆங்கிலத்தில். பட்டியலை அவள் தர வேண்டும்.
2. அவள் அதை என் தலையில் கட்டினாள்.
3. நான்கு மாதத்தில் நாற்பத்தொரு புத்தகம் படித்தேன்.
4. பட்டியலை அனுப்பினேன்.
5. அக்கா அதை ஒரே நாளில் திருப்பி அனுப்பினாள்.

அவளுக்கு அந்தத் தட்டு ஏன் முக்கியம் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தாள். "எல்லாரும் நல்லவங்கதான் கண்ணு. ஆனா ரெண்டு வருசமா ஒரே கேள்விதான். 'உங்க ஊர்ல ரொம்ப வெயிலா?' ஆமாங்கறேன். சிரிச்சுப்போட்டுப் போயிர்றாங்க. ரெண்டாவதா ஒரு கேள்வி எவராச்சும் கேக்கோணும்."

காரமடையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மணி நேரம். படித்ததெல்லாம் அதில்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் நான் வியர்த்துக்கொண்டு, கம்பளி அங்கிக்குள் கரி நெருப்புச் சட்டியை அணைத்தபடி நடக்கும் காஷ்மீரத்துக்காரரைப் படித்தேன். ஆறு ஒவ்வொரு வருசமும் கரையைத் தின்ன, வீட்டைப் பிரித்து இன்னோர் இடத்தில் கட்டிக்கொள்ளும் அசாம் குடும்பத்தைப் படித்தேன். நான் பெங்களூரைத் தாண்டி வடக்கே போனதில்லை. இவர்களெல்லாம் என் நாட்டுக்காரர்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு முறை டிரைவரிடம் பேச்சு வாங்கினேன். "ஏனுங்க அம்மணி, டிப்போலயே குடியிருக்கப் போறீங்களா?"

பிறகு பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க எக்செல் திறந்தேன். பம்ப்புகளுக்கு மேனுவல் எழுதுவது என் வேலை. படித்தவர் எங்களுக்குப் போன் போட்டு எதையும் கேட்கவில்லை என்றால் அது நல்ல மேனுவல். அந்தப் பழக்கத்தில், 'விளக்கம் தேவைப்படுமா?' என்று ஒரு பத்தி போட்டு, தேவைப்படுவதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்தேன். நெருப்புச் சட்டி வெளியே போயிற்று. எங்கள் பக்கத்து நாவல் ஒன்றும் போயிற்று. அதில் வரப்புத் தகராறுக்கு வந்தவருக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவர் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். ஏன் என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. நமக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வந்தவர் தண்ணீரைத் தொடவில்லை என்றால் சண்டை முற்றிவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள் அக்கா. "எல்லாமே புரியுது. பம்ப்பு மாட்டற புஸ்தகமாட்ட."

"புரியோணும்னுதானுங்க்கா பண்ணுனேன்."

"எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னா எங்கிட்ட வந்து என்னத்தக் கண்ணு கேப்பாங்க?"

மறுபடி எக்செல் திறந்தேன். அந்தப் பத்தியைத் தலைகீழாக்கினேன். குறைத்த இடத்திலெல்லாம் கூட்டினேன். பன்னிரண்டில் எட்டு மாறின; நெருப்புச் சட்டியும் சொம்புத் தண்ணீர் நாவலும் உள்ளே வந்தன.

போன மாதம் ஒரு மத்தியானம், கேன்டீனில் இருந்தபோது அக்காவின் அழைப்பு. குரலே வேறாக இருந்தது. அவள் வீட்டுக்குத் தபால் கொண்டுவரும் பெண்மணி, வெயிலைப் பற்றி முதலில் கேட்டவர்களில் ஒருவர், முந்தின நாள் வாசல் பனியைக் காலால் தள்ளிக்கொண்டே நின்றாராம். பையில் அந்தச் சொம்பு நாவல்.

"என்ன கேட்டாங்க தெரியுமா? 'அவர் குடிக்காம வெச்ச தண்ணிய அப்பறம் என்ன செஞ்சாங்க?'"

நான் அந்த நாவலை மூன்று முறை படித்தவள். சொம்பும் தண்ணீரும் உள்ள வீட்டில் பிறந்தவள். வந்தவர் ஏன் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதோடு என் பார்வை நின்றுவிட்டது. கடலும் பனியும் தாண்டி ஒரு பெண் அந்தச் சொம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்திருக்கிறார். எதிரில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க்கா?"

"தெரியலைன்னேன். உள்ள வாங்க, யோசிப்பம்னேன். முக்கா மணி நேரம் உக்காந்திருந்தாங்க. தபாலெல்லாம் அன்னைக்கு லேட்டு."

இன்றைய நிலவரம்: பன்னிரண்டில் மூன்று புத்தகங்கள் வாசகர்களிடம் இருக்கின்றன, ஒன்பது தட்டில். தபால் பெண்மணி அடுத்து நெருப்புச் சட்டிப் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறார். தண்ணீர் என்ன ஆயிற்று என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.