கெங்கம்மாளை வரவழைத்த சேவல் கதை

கே.ஜி.கண்டிகை சேட்டு எனக்குத் தாய்மாமன் பேரன். அவன் அப்பாவும் அவன் மாமியார் கெங்கம்மாளும் அண்ணன் தங்கை. சேட்டு கட்டியது அத்தை மகள் தமயந்தியை. இந்த வழியில் பார்த்தால் கெங்கம்மாள் எனக்கு மாமன் மகள். ஒரு காலத்தில் அவளை எனக்குக் கேட்டுப் போனார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அது இந்தக் கதைக்கு வேண்டாம். அவள் கண்ணுக்கு எந்த ஆண்பிள்ளையும் லேசில் தேறமாட்டான் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

சேட்டு கை வைத்த தொழில் எதுவும் நின்றதில்லை. முதலில் கண்டிகை பஸ் நிறுத்தத்தில் டீக்கடை போட்டான். திருத்தணிக்குப் போகிற ஜனம் காத்து நிற்கிற இடம், வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தான். ஜனம் வந்து உட்காரும், டீ சொல்லும். பால் பொங்குவதற்குள் தூரத்தில் பஸ் தெரியும். சேட்டுவே கையை நீட்டி, "பஸ்ஸு வந்துட்ச்சி, ஓடுங்க ஓடுங்க" என்று எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிடுவான். ஆற்றி வைத்த டீயை என்ன செய்வது? அவனே குடிப்பான். கடையை மூடும் நாளில் அவனிடம் டீக்குக் கடன் சொன்னவர்கள் கூட இல்லை, ராத்திரி தூக்கம்தான் இல்லை.

வேறொருவனாக இருந்தால் இடம் ராசியில்லை, எவனோ கண் வைத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான். சேட்டு அப்படிப்பட்ட பிறவி இல்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு, ஷேர் ஆட்டோ, எங்கே நாலு பேர் கிடைத்தாலும் தான் தோற்ற கதையை நடித்தே காட்டுவான். பால் பொங்குவது, பஸ் ஹாரன், ஓடுகிறவர்களின் செருப்புச் சத்தம் எல்லாம் அவன் வாயிலேயே வரும். ஒரு கருமாதியில் இதைக் கேட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, கங்காதரன் என்கிற பையன் மட்டும் சிரிக்காமல் யோசித்தான். மறுமாதமே சாலைக்கு அந்தப் பக்கம், ஜனம் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில், டீக்கடை போட்டுவிட்டான். இறங்குகிறவனுக்கு என்ன அவசரம்? இன்றைக்கு அந்தக் கடையில் நிற்க இடம் கிடைப்பதில்லை. சேட்டுவுக்கு மட்டும் அங்கே டீ இனாம். தூக்கம் கெடும் என்று அவன் பால்தான் குடிக்கிறான்.

அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் எவன் தொழில் தொடங்கினாலும் சேட்டுவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிற வழக்கம் வந்தது. ஜெயித்தவனைப் போய்க் கேட்டால் எல்லாம் முருகன் அருள் என்று கையைக் கூப்புவான். அதை வைத்துக்கொண்டு டீ போட முடியுமா? சேட்டுவைக் கேட்டால் எந்த இடத்தில் கால் வழுக்கியது என்று விழுந்தே காட்டுவான்.

ஆனால் தமயந்திக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது. கோழி விஷயத்தில் அது முற்றிவிட்டது.

டீக்கடைக்கு அப்புறம் சேட்டு முட்டை வியாபாரத்தில் இறங்கினான். தெருவில் குஞ்சு விற்று வந்தவனிடம் கொட்டகை நிறைய வாங்கிவிட்டான். பொட்டைக் குஞ்சுதானா என்று கேட்டதற்கு, முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று விற்றவன் சொன்னானாம். குஞ்சுகள் வளர்ந்தன. கெங்கம்மாள் முதல் தடவையாக மருமகனை நம்பினாள். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு முட்டைக்குழம்பு முழுக்க எங்கள் மாப்பிள்ளை முட்டைதான் என்று பள்ளிப்பட்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். சேட்டு தினமும் வைக்கோலைத் துழாவினான். முட்டை வரவில்லை. இன்னும் வயசுக்கு வரவில்லை போலிருக்கிறது என்று பொறுமையாக இருந்தான். ஒரு விடியற்காலை கொட்டகையில் ஒன்று கூவியது. பக்கத்தில் ஒன்று பதில் கூவியது. அப்புறம் மூலைக்கு மூலை கூவி, கடைசியில் கொட்டகை மொத்தமும் சேர்ந்து கூவி, கண்டிகையே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அத்தனையும் சேவல்.

காதுகுத்தில் முட்டைக்குழம்புக்குப் பதில் சேவல் குழம்பு. சாப்பிட்டவர்கள் குறை சொல்லவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் சேட்டு நாற்காலியில் ஏறி, அத்தை உறவு மொத்தமும் பார்க்க, ஒவ்வொரு சேவலாகக் கூவிக் காட்டினான். கெங்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தமயந்தி அன்றைக்குப் புருஷனோடு திரும்பவில்லை, அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"தோத்தது பரவால்ல பாவா," என்றாளாம் புருஷனிடம். "அத ஊருக்கே கூவினு திரியிறியே, அதான் தாங்கல."

பலபேர் சமாதானம் பேசிப் பார்த்தார்கள், நானும் ஒரு நடை போய் வந்தேன். கடைசியில் தமயந்தி ஒரு வழி சொன்னாள். ஆடிக்கிருத்திகைக்கு அம்மா திருத்தணியில் முடி கொடுக்க வேண்டும், வேண்டுதல். நீ கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவா. இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தால் நான் வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

ஆடிக்கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியைப் பார்த்திருக்கிறீர்களா? மலையும் தெரியாது, தெருவும் தெரியாது. பூக்காவடியும் மஞ்சள் துணியும் அரோகராவும்தான். பாதி ஜனத்துக்குத் தலை மொட்டை, அதன்மேல் சந்தனம். பெற்ற தாயே பிள்ளையின் தோளைத் திருப்பி முகம் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். அந்தக் கூட்டத்தில் சேட்டு அத்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் புடவையின் நுனியைப் பிடிக்காத குறையாக வந்தான். அவளுடைய செல்போனும் அந்தப் பைக்குள்தான். முடி இறக்குகிற இடத்தில் ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடி மட்டும் கொடுத்துவிட்டு வருகிறேன், வளையல் கடை எதிரில் நில்லு என்று சொல்லிவிட்டு கெங்கம்மாள் மாற்றுப் புடவையோடு உள்ளே போனாள். சேட்டு திரும்பிப் பார்த்தான். அந்தத் தெருவில் இருந்தது எல்லாமே வளையல் கடை.

அவன் ஒன்றின் எதிரில் நின்றான். அவள் வேறொன்றின் எதிரில் நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தும் அத்தை வரவில்லை. பைக்குள் போன் அடித்தது. தமயந்தி.

அம்மாவிடம் கொடு என்றாள். இங்கேதான் இருக்கிறாள், சாமி கும்பிடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். சேட்டுவுக்கு அந்த வித்தை வராது.

"அத்தைய தொலைச்சிட்டேன், தமயந்தி."

"எங்கம்மா இல்லாம இங்க வந்துடாத," என்றாள். "நான் அங்க வர்ற பேச்சும் அத்தோட முடிஞ்சிது."

சரவணப் பொய்கைக் கரையில் எங்கள் தெருக் காவடிக் குழு வருஷாவருஷம் பந்தல் போட்டு மோர் கொடுக்கும். காணாமல் போனவர்களுக்கு மைக்கில் அறிவிப்பும் உண்டு. மைக் எங்கள் குழுப் பரந்தாமன் கையில் இருக்கும். கனத்த குரல், ஒரு பெயரைச் சொன்னால் அது பெரிய இடத்துப் பெயர் மாதிரி கேட்கும். சேட்டு ஓடிவந்து அடையாளம் சொன்னான். நரைத்த கொண்டை, சிவப்புப் புடவை, கெங்கம்மாள் என்கிற மூதாட்டி எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும் என்று பரந்தாமன் அறிவித்தார். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு கெங்கம்மாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் கொண்டையோடு வந்து நின்றார்கள், என்ன விஷயம் என்று கேட்டார்கள், மோர் குடித்துவிட்டுப் போனார்கள். சேட்டுவின் கெங்கம்மாள் வரவில்லை.

அப்போதுதான் சேட்டுவுக்கு ஒன்று உறைத்தது. அத்தை ஒருவேளை பூமுடியோடு நிற்காமல் முழுமொட்டையே போட்டிருந்தால்? போட்டிருந்தால் மஞ்சள் புடவைக்கும் மாறியிருப்பாளே. பரந்தாமன் அடையாளத்தைத் திருத்தி, மொட்டைத் தலை, மஞ்சள் புடவை, துணையைத் தவறவிட்ட வயதான அம்மா பந்தலுக்கு வரவும் என்று அறிவித்தார். அவ்வளவுதான். பொய்கையைச் சுற்றியிருந்த மொட்டைக் கிழவிகள் அத்தனை பேரும் பந்தலுக்குள் வந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் நிஜமாகவே தொலைந்தவர்கள். நகரியிலிருந்து வந்த தெலுங்குக்கார அம்மா ஒருத்தி, என்னைக் கூப்பிட்டுவிட்டு ஏண்டா முழிக்கிறாய் என்று சேட்டுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். பரந்தாமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மைக்கை மேசையில் வைத்துவிட்டு மோர் கொண்டுவரப் போனார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

சேட்டுவுக்கு அழுகிறவர்களைப் பார்க்கப் பொறுக்காது. தமயந்தி போய்விட்டாள், அத்தையும் போய்விட்டாள், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கிழவிகள் நடுவில் மேசைமேல் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"அழாதீங்கம்மா. நீங்க வழிதான வுட்டீங்க? நான் ஒரு கொட்டா நெறைய கோழி வளத்தேன்."

பொய்கைக் கரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் அத்தனையிலும் அது கேட்டது. படிக்கட்டில் ஏறுகிறவர்கள் நின்றார்கள். குஞ்சு விற்றவன் பேசிய பேச்சு, வைக்கோலைத் துழாவியது, வயசுக்கு வரட்டும் என்று காத்திருந்தது எல்லாம் மலைக்குக் கேட்டது. எங்கள் அத்தை பள்ளிப்பட்டு பூராவுக்கும் முட்டை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டது என்பதும் கேட்டது. அப்புறம் சேவல்கள். முதலில் கட்டைக் குரலில் ஒன்று, மூக்கால் ஒன்று, தூக்கத்தில் பாதியோடு நிறுத்தியது ஒன்று. காவடி தூக்கியவர்கள் சிரித்ததில் மயில்தோகை எல்லாம் குலுங்கியது. வரிசையில் நின்ற ஒருவன் கூட்டத்திலிருந்தே பதில் கூவினான். நகரி அம்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் சேவலுக்கு எந்தப் பாஷை வேண்டும்? சேட்டுவின் சட்டையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாரப்பா இது என்று பார்க்கப் பந்தலைச் சுற்றி ஜனம் கூடியதில், தொலைந்த கிழவிகளின் பிள்ளைகளும் மருமகள்களும் வந்து தங்கள் ஆளைத் தாங்களே அடையாளம் கண்டு கூட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சந்தன மொட்டை வந்தது.

"வாய மூட்றா டேய்."

அத்தை. முழுமொட்டை. அறிவிப்பெல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. முதலில் சொன்னது கொண்டைக்காரி கெங்கம்மாளை, அப்புறம் சொன்னது வயதான அம்மாவை, நான் என்ன வயதானவளா என்று வளையல் கடை முக்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் மாமியாரின் முட்டை மானத்தை மலையேற்றுகிறவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தானே. குரல் வந்த திசையைப் பார்த்து நேராக நடந்து வந்துவிட்டாள்.

சேட்டு மேசையிலிருந்து குதித்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். பூமுடிதானே கொடுப்பதாகச் சொன்னாய், ஏன் அத்தை முழுசாகக் கொடுத்துவிட்டாய் என்று கேட்டான்.

"இன்னாத்துக்கா? உன் வாய் அடங்கணும்னுதான் வேண்டிகினேன். முடி போச்சி. வாய் போவல."

அதுவும் மைக்கில் போய்விட்டது. மறுபடியும் மலை சிரித்தது. கெங்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். முன்பின் தெரியாத ஜனம் மொத்தமும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, ஆனால் ஒருத்தர் முகத்திலும் இளக்காரம் இல்லை. ஒரு பெண் வந்து, எங்கள் வீட்டிலும் இதே குஞ்சுதான் அம்மா, நாங்கள் வெளியே சொல்லவில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாளுக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் மோர் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பைக்குள்ளிருந்த போனை எடுத்து மகளை அழைத்தாள். உன் புருஷன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான், துணியை மூட்டை கட்டு என்றாள். சேட்டு குறுக்கே புகுந்தான். "நான் எங்க கண்டுபுடிச்சேன் அத்தை, நீதான..." என்று தொடங்கும்போதே சந்தனக் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

"ஒரு நாளாவது ஜெயிச்சிகினு வூட்டுக்குப் போ, நைனா," என்றாள்.

தமயந்தி அந்த வாரமே கண்டிகைக்கு வந்துவிட்டாள்.

இப்போது எங்கள் பந்தலில் அடையாளம் சொல்லி அறிவிப்பதில்லை. தேடுகிறவர் கையிலேயே மைக்கைக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், கவிழ்ந்த கதையாக இருந்தால் நல்லது, சீக்கிரம் வருவார்கள் என்கிறார் பரந்தாமன். இட்லி கல்லாகிப் போனது, பாங்க் வேலைக்குப் படித்துப் பரீட்சை அன்றைக்கு அரக்கோணம் ரயிலைத் தவறவிட்டது, பெண் பார்க்கப் போய் எதிர்வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டு வந்தது என்று ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்கவென்றே சிலர் பாய் கொண்டுவந்து உட்காருகிறார்கள்.

போன ஆடிக்கிருத்திகைக்கு சேட்டு மொட்டை போட்டுக்கொண்டான். போட்ட கையோடு தொலைந்தும் போனான். தமயந்தி பந்தலுக்கு வந்தாள். பரந்தாமன் மைக்கை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாவா," என்றாள். "அந்தக் குஞ்சுங்கள கூடைல கைய வுட்டு பொறுக்கனது யாரு? நான்தான. மூஞ்சி பொட்ட மூஞ்சியா கீதுன்னு சொன்னதும் நான்தான். ஒரு எடத்துலயும் என் பேர சொல்லாம நீயே கூவினு திரிஞ்ச. வா, வூட்டுக்குப் போலாம்."

படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு சேவல் கூவியது.