வெள்ளை நூல் கட்டிய பெட்டி

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தம்பி கதவுக்குப் பின்னால் நின்றான். நான் காய்ச்சலோடு பாயில் கிடந்தேன். அக்காவும் இருக்கிறாள் என்று நான் சொன்னேன். அக்கா செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

சாந்தோமில் கடலைப் பார்த்த ஹவுசிங் போர்டு வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, அதற்கு மேலே ஒரு பரண். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கீழே ரோட்டோரம் மீன் விற்பாள். எனக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு.

ஜூன் மாதம் வந்தால் அம்மா மயிலாப்பூர் போய் வீட்டுப்பாடத்துக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வருவாள். நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், அட்டை போட பிரவுன் ஷீட். எல்லாம் மூன்று செட். பீரோ கிடையாது எங்களுக்கு. ஐஸ் போட்டு மீன் வருமே, அந்தத் தெர்மாகோல் பெட்டிதான், ஆளுக்கு ஒன்று. சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்து, அதில் அடுக்குவாள். எவ்வளவு காய்ந்தாலும் நோட்டில் கவுச்சி வாடை போகாது. டீச்சர் என் நோட்டை இரண்டு விரலால் தூக்குவார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பெட்டிக்கு அடையாளமாக வலை நூல் கட்டுவாள். எனக்குச் சிவப்பு. தம்பிக்கு நீலம். அக்காவுக்கு வெள்ளை.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒன்றாம் வகுப்புக்கு எல்லாம் வாங்கி வைத்திருந்தபோது காய்ச்சல் வந்து செத்துப்போனாள். அதற்குப் பிறகும் எனக்கு என்ன நோட்டோ அதே நோட்டு அவளுக்கும் வந்தது. அவள் பள்ளிக்கூடம் போகாதவள், அதனால் என்னோடு சேர்ந்துதான் வகுப்பு ஏறி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

ஒரு பெட்டிச் சாமான் இன்னொரு பெட்டிக்குப் போகக் கூடாது. அது அம்மாவின் சட்டம்.

ஒருநாள் என் ரப்பர் காணாமல் போனது. யாரும் இல்லாத நேரம் வெள்ளை நூலை அவிழ்த்தேன். தெர்மாகோல் மூடி கிறீச்சென்று கத்தியது. உள்ளே பென்சில் பாதிதான் இருந்தது. ரப்பரின் ஒரு முனை கறுத்திருந்தது. ஜூனில் புதிதாகப் பார்த்தவை. மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் திறந்து பார்த்தேன். பென்சில் இன்னும் குறைந்திருந்தது. என் பென்சிலைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். என்னுடையது எவ்வளவோ அதுவும் அவ்வளவு.

அப்புறம்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

அன்று அம்மா கஞ்சி கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மீன் கூடையோடு இறங்கிப் போனாள். அப்பா படகுக்கிட்டே இருந்தார். தம்பி பால்வாடியில் இருந்தான். நான் போர்வைக்குள் தூங்கிப்போனேன்.

விழித்தபோது நல்ல வெயில். கடல் சத்தம் கேட்டது. அதற்குள்ளே இன்னொரு சத்தம். கிறீச். சமையலறையிலிருந்து. பிறகு பென்சில் பேப்பரில் ஓடும் சத்தம். பிறகு யாரோ குசுகுசுவென்று சொன்னார்கள்.

"பயம்... பயம்... பயம்..."

ஒரு தடவை சொல்லும், பென்சில் ஓடும். மறுபடி சொல்லும், பென்சில் ஓடும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். மூச்சு சுட்டது. அக்காவுக்கும் இதே மாதிரிக் காய்ச்சல்தான். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

சத்தம் நின்றது. மூடி கத்தியது. வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நான் எத்தனை நேரம் கழித்து எழுந்தேன் என்று தெரியாது. சமையலறையில் வெள்ளை நூல் கட்டாமல் கிடந்தது. நோட்டை எடுத்தேன். ஓரம் ஈரமாக இருந்தது. எனக்கு வாசிக்க வரும். ஒரு பக்கத்தில் ஒரே வார்த்தை. வரிக்கு ஒன்று. பயம். எண்ணினேன். பத்து.

கத்தினேன். மாடியிலிருந்து சித்திதான் முதலில் ஓடிவந்தாள்.

அப்படித்தான் சாயங்காலம் எல்லோரும் கூடினோம். சித்தி அஞ்சாவது வரை படித்தவள். நோட்டைப் பிரித்து விரலை வைத்து வாசித்தாள்.

"பயம், பயம், பயம்... மாதாவே! நான் அன்னிக்கே சொன்னேன்க்கா. செத்த புள்ளைக்கு செட்டு வாங்கி வெக்காத, கூப்ட்ட மாரி ஆயிடும்னு. கேட்டியா நீ?"

"இன்னாமே இது?" என்றார் அப்பா. "யாரு எய்துனது?"

அம்மா சித்தியின் விரல் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒனக்குப் படிக்க வருதாடி அது?"

"வராம? முத்து முத்தா எய்தி கீது. அதாங்க்கா குலையே நடுங்குது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குனிவதற்குள் நான் பார்த்துவிட்டேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது. பென்சில் சத்தத்தைவிட அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு முன்பே தெரியும், அக்கா வந்துபோவது அம்மாவுக்குச் சந்தோஷம், நான் போனாலும் பரவாயில்லை போல என்று நினைத்தேன். "அந்தப் பொட்டி வோணாம், அந்தப் பொட்டி வோணாம்" என்று அழுதேன்.

அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, வெள்ளை நூல் பெட்டியைப் பரணில் பழைய வலைக்குப் பின்னால் தள்ளினார்.

"கீற புள்ளையப் பாரு. இனிமே ரெண்டு செட்டுதான்."

"சரி" என்றாள் அம்மா.

சித்தி கோயிலிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். அம்மா ராத்திரியெல்லாம் ஈரத்துணி மாற்றினாளாம். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது.

பள்ளிக்கூடம் போனேன். காய்ச்சலுக்கு முந்தின நாள் எழுதிய வீட்டுப்பாடத்தை டீச்சர் திருத்தினார். பழங்களின் பெயர். எங்கள் வீட்டில் யார் வாயிலும் ழ வராது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தேன். வாயப்பயம், மாம்பயம், பலாப்பயம். டீச்சர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'பழம்' என்று எழுதி, இருபத்தைந்து தடவை எழுதிவரச் சொன்னார். எழுதினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சில நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஸ்டூல் பரணுக்குக் கீழே இருக்கும். காலையில் வாசலோரம் இருந்த ஸ்டூல். பார்த்துவிட்டு வெளியே போய்விடுவேன். சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஸ்டூல் வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஜூனில் இரண்டு செட்தான் வந்தது.

நான் எட்டாவதோடு நின்றேன். இப்போது தரமணியில் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சித்தி ஒன்று சொன்னாள். அக்காவுக்குக் காய்ச்சலாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்களாம். மறுநாளே திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். அம்மா அதை நாலு நாள் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாளாம்.

போன மாதம் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அம்மா வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஏறினேன். வலைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. நூல் பழுப்பாகியிருந்தது. மூடி அதே மாதிரி கத்தியது.

நோட்டைப் பிரித்தேன். என் பழைய வீட்டுப்பாடம் ஒவ்வொன்றும் அதில் இருந்தது, என் தப்புகளோடு. பிறகு அந்தப் பத்து. அதற்கடுத்த பக்கத்திலிருந்து வேறு வார்த்தை. பழம். முதல் ழ நண்டு மாதிரி கிடந்தது. போகப் போக நிமிர்ந்தது. நோட்டு தீரும் வரை அதுதான். தீர்ந்த பிறகு ஓரத்தில், பின்னட்டையில், அட்டையை உரித்தால் பிரவுன் ஷீட்டின் உள்பக்கத்தில். பெட்டியில் பென்சில் என்று ஒன்று இல்லை. நகம் அளவு ஒரு துண்டு இருந்தது.

அம்மா வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கீழே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன்.

"இன்னாடி எண்ணிக்கினு கீற?"

"பயம்."

பாத்திரம் கட்டிய கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"எத்தினி கீது?"

நானூற்றுப் பன்னிரண்டு.