இடுப்பில் செருகாத ரிவோல்வர்

சனிக்கிழமை காலை கிளப்புக்குப் புறப்படுவதற்காக நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. என் மனைவி மங்கைதான் எடுத்தார். கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் தில்லைநாதனின் மனைவி சோதி.

"லோயர் அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தாராம். அம்புலன்ஸ் வந்து சேருமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

நாங்கள் ஒனிஹங்காவிலுள்ள அவர்களுடைய வீட்டை அடைந்தபோது வாசல் முழுவதும் செருப்புகளாக இருந்தது. யாழ்ப்பாணத்தவர்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள், ஃபிஜி இந்தியர்கள், கடைக்கு மருந்து வாங்க வரும் வெள்ளைக்காரர்கள் என்று அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் வீட்டு வாசலில் ஒருநாள் இத்தனை செருப்புகள் சேருமா என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

சோதி என்னைத் தனியே அழைத்தார். "அண்ணை, இரும்புப் பெட்டிக்குள்ள இவரின்ர அந்தச் சாமான் கிடக்கு. சட்டப்படி அதை என்ன செய்யவேணும்?"

கைத்துப்பாக்கிக்குரிய அனுமதி இல்லாத ஒருவர் அதை வைத்திருக்க இயலாது என்றும், போலீசாருக்கு அறிவித்து, அனுமதியுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் கூறினேன். அத்தகைய அனுமதி என்னிடம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அந்த ரிவோல்வர் எனக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

இந்த நினைவு மலரில் தில்லைநாதன் அவர்களின் கோயில் தொண்டைப் பற்றியும் தமிழ் வகுப்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். "துவக்குக் கதையை நீங்கள்தான் எழுதவேணும்" என்று, அந்தத் துப்பாக்கியைக் குறித்து, சோதி என்னிடம் கேட்டுக்கொண்டார். சாட்சி சொல்ல வருபவன் தனக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பை முதலில் தெரிவிப்பது முறை. நான் அவருடைய நண்பன். அவர்மீது பொறாமை கொண்டவன். அந்தப் பொறாமை இன்றுவரை தணியவில்லை. வாசிப்பவர்கள் அதற்குரியதைக் கழித்துவிட்டு வாசிக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு இந்நாட்டுக்கு வந்த புதிதில், எங்கள் இரு குடும்பங்களும் கிளென்ஃபீல்டில் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுக்களையில் சமைத்து வாழ்ந்தன. அவர் ஊரில் மருந்தாளர், நான் சட்டத்தரணி. இந்நாட்டில் தொழில் செய்வதற்கு இருவரும் மீண்டும் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. அவர் முதல் தடவையிலேயே தேறினார். நான் எத்தனையாவது தடவையில் தேறினேன் என்பது இக்கட்டுரைக்கு அவசியமில்லை. அவர் வேலிக்கு மேலாகச் சொல்லும் பகிடிக்கு அயல்வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதே பகிடியை, இலக்கணம் இன்னும் சுத்தமான ஆங்கிலத்தில், நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

பின்னர் தில்லைநாதன் ஒனிஹங்காவில் மருந்துக்கடை வைத்தார். ஒரு மாலை, கடையைப் பூட்டும் வேளையில் ஒருவன் கத்தியுடன் உள்ளே வந்து, நோவு மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போனான். தில்லைநாதனுக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் முதல் அவர் கடைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். வருபவர் கண்ணாடியில் தட்டவேண்டும்; அவர் முகத்தைப் பார்த்து, கைகளைப் பார்த்து, அதன்பின்னரே திறப்பார். காய்ச்சலோடு வந்த கிழவர்கள் மழையில் நின்றார்கள். சிலர் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

அந்த வாரமே அவர் என்னிடம் வந்தார்.

"லோயர், எனக்கு ஒரு சின்ன ரிவோல்வர் வேணும். வெள்ளை அங்கிக்குள்ள, இடுப்பில செருகிக்கொண்டு நிக்கக்கூடியதா."

"ஏலாது."

"நான் இன்னும் முடிக்கேல்லை ஐசே."

"நீர் முடிச்சாலும் ஏலாது. இஞ்ச கைத்துவக்கை ஒருத்தரும் இடுப்பில கொண்டு திரியேலாது. கிளப்பில சேர்ந்து, இலக்குக்குச் சுடலாம். பூட்டின பெட்டியில கொண்டுபோய், பூட்டின பெட்டியில கொண்டு வரவேணும்."

"எங்கட சித்தப்பா வைச்சிருந்தவர். ஊரில, அரசாங்கக் கச்சேரியில, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு எண்டு எழுதிக் குடுத்து எடுத்தவர். அரசாங்க ஏசண்டரே எழும்பி நிண்டு கைகுடுத்தவராம்."

"அங்க அது கௌரவம். இஞ்ச அந்தக் காரணத்தைச் சொன்னால் அந்த இடத்திலேயே கதை முடிஞ்சுது. அதுதான் உம்முடைய உண்மையான காரணம் எண்டால் விண்ணப்பிக்கவேண்டாம்."

இது என் ஆலோசனை. இதில் இன்றும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். ஆனால் அவர் கிளப்பில் சேர்வதென்று முடிவு செய்தார். அவர் சேர்ந்தபடியால் நானும் சேர்ந்தேன். ஏன் என்று மங்கை கேட்டபோது, ஒரு நண்பரைத் தனியே விடக்கூடாது என்று கூறினேன்.

நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தகரக் கொட்டகையும் மண்மேடும் கொண்ட இடம் அது. புதியவர்களுக்குப் பழக்குபவர் பிரையன் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முதல்நாளே தில்லைநாதன் அவரிடம், இருப்பதில் மிகச் சிறிய ரிவோல்வர் எது என்று கேட்டார்.

பிரையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சிறியது சுமப்பதற்கு வசதி, சுடுவதற்குத் தொல்லை. பாரம் குறைந்தால் கையை உதைக்கும். குழல் குட்டையானால் குறி தவறும். இந்த நாட்டில் நீ அதைச் சுமக்கவே முடியாது. சுமக்க வசதியானதை எதற்காக வாங்கப் போகிறாய்?" என்றார். அத்துடன், குட்டைக் குழல் கொண்டவற்றுக்குத் தங்கள் கிளப்பில் இடமில்லை என்றும் தெரிவித்து, சிறிய ரவை, அதாவது தோட்டா, போடும் கிளப் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார். முதலில் இதில் பழகு, விசையை இழுக்கும்போது கண்ணை மூடாதிருக்கப் படி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர் சொன்னதன் சுருக்கம்.

நான் வீட்டில் நூல்களை வரவழைத்துப் படித்தேன். தில்லைநாதன் ஒன்றும் படிக்கவில்லை. சில வாரங்களில் அவருடைய ரவைகள் இலக்குத் தாளில் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கத் தொடங்கின. என்னுடையவை தாளெங்கும் பரந்திருந்தன. அங்கே அவரை எல்லோரும் "நேதன்" என்று அழைத்தார்கள். என்னை இன்றுவரை "மிஸ்டர்" போட்டுத்தான் அழைக்கிறார்கள்.

கிளப்பில் வேண்டிய காலம் பழகிய பின்னர் இருவரும் அனுமதிக்கு விண்ணப்பித்தோம். போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து விண்ணப்பதாரரை விசாரிப்பார்; மனைவியைத் தனியே விசாரிப்பார். எங்கள் இரு வீடுகளுக்கும் வந்தவர் நடுவயதுப் பெண்மணி ஒருவர்.

தில்லைநாதன் அவருக்கு வடையும் தேநீரும் கொடுத்து உபசரித்தார். எதற்காகக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று அதிகாரி கேட்டார். கத்தியோடு வந்தவனைப் பற்றி, மூடிய கதவைப் பற்றி, இடுப்பில் ஒன்று இருந்தால் துணிவாயிருக்கும் என்பதைப் பற்றி ஒன்றும் விடாமல் அவர் கூறியிருக்கிறார். அதிகாரி பேனையை மூடி வைத்தாராம்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனே ஐசே! பிறகேன் விண்ணப்பிச்சனீர்?" என்று கேட்டேன்.

"ஆளைப் பார்த்தால் விளங்கும் எண்டு நினைச்சன், லோயர். கச்சேரியில அப்பிடித்தானே."

"இது கச்சேரி இல்லை."

"அதுவும் அவ எங்கட கதிரையில இருந்து, எங்கட தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேக்கிறா. அவவுக்கு எப்பிடி ஐசே வேற கதை சொல்லுறது?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எனக்கு அனுமதி கிடைத்தது. இதில் எனக்கு வெற்றி என்று யாரேனும் கருதினால், மனைவிமார் சொன்ன பதில்களையும் கேட்கவேண்டும். கணவர் துப்பாக்கி வைத்திருப்பதில் உங்களுக்கு அச்சம் உண்டா என்று அதிகாரி சோதியைக் கேட்டபோது, "இவரை நம்பாட்டி நான் வேற ஆரை நம்பிறது?" என்று உடனே பதில் வந்ததாம். மங்கையைக் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்லலாமோ?" என்றார். அடுத்த வாரம் அதிகாரி மீண்டும் தொலைபேசியில் அழைத்த பின்னரே சம்மதம் கூறினார்.

"ஏனப்பா?" என்று நான் கேட்டேன்.

"யோசியாமல் ஒண்டுக்கும் ஓம் சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

என் முதல் ரிவோல்வரை வாங்கத் துணைக்கு வந்தவரும் தில்லைநாதன்தான். அனுமதி மறுக்கப்பட்ட மனிதர், அனுமதி பெற்றவனுக்குத் தெரிவு செய்ய உதவினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். குழல் இரண்டிலும் ஒரே நீளம். ஒன்று உடல் சிறுத்து, கைக்கடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. மற்றது உருக்கில் செய்த பாரமான, சாதாரணமான பொருள். நான் சிறியதைக் கையில் எடுத்தேன்.

"லோயர், உம்முடைய சின்னி விரல் வெளியில நிக்குது" என்றார் தில்லைநாதன். "பிடியில எல்லா விரலும் இருக்கவேணும். மற்றதை எடும்."

"எனக்கு இது வசதி."

"கடையில வசதி. சனிக்கிழமை முழுக்கச் சுட்டுப் பாரும், தெரியும்."

அவர் சொன்னதாலேயே நான் சிறியதை வாங்கினேன். அது என் உள்ளங்கையைச் சிவக்கச் சிவக்க உதைத்தது. அதே ரிவோல்வரை அவர் கிளப்பில் என் கையிலிருந்து வாங்கி, என் கண்முன்னே, கோப்பையின் வாய்க்குள் ரவைகளை அடக்கிக் காட்டி, துடைத்து, "நல்ல சாமான் ஐசே" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கேலி செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் அவருடைய கடைக்கதவு பூட்டியே கிடந்தது. சனிக்கிழமைகளில் மண்மேட்டின் முன்னால் அசையாமல் நின்ற மனிதர், திங்கட்கிழமைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வருபவர்களின் கைகளைப் பார்த்தார். சோதி மங்கையிடம் சொல்லி அழுதது எனக்குத் தெரியும்: கடையை விற்றுவிடலாம் என்று அவர் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், மங்கைக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. காற்றுக்கு மூடாமலிருக்க ஒரு கல்லையும் அண்டை கொடுத்திருந்தார். உள்ளே குளிர் உறைத்தது.

"என்ன காணும் இது? பயம் போட்டுதோ?"

"பயம் எங்க போறது? அது பின்னுக்கு இருக்கு." மாத்திரைகளைப் போத்தலில் இட்டபடி அவர் சொன்னார்: "கிளப்பில துவக்கைத் தூக்கினால் நான் சுடுறதைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறன். வேறொண்டும் மண்டைக்குள்ள வராது. இஞ்ச நிக்கேக்கை, வாற ஆளுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எண்டு யோசிக்கவேணும். துவக்கை இடுப்பில வைச்சுக்கொண்டு அதை யோசிக்க என்னால ஏலாது, லோயர். எனக்கு உந்த ரெண்டும் ஒரு நேரத்தில வராது. வாற ஆளின்ர கையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதும் அப்பிடித்தான்; அதுதான் கதவைத் திறந்து விட்டன்."

நான் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, காரில் வெகுநேரம் இருந்தேன். அஞ்சியவர் அவர், அனுமதி பெற்றவன் நான். எனினும் அன்று அவர் அடைந்ததை அடைய எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அவர் மீண்டும் விண்ணப்பித்தார். அதே அதிகாரி வந்தார், வடையும் வந்தது. இன்னமும் பாதுகாப்புக்காகத்தானா என்று அவர் கேட்டார். "இல்லை. கடை திறந்துதான் கிடக்கு, போகேக்கை பார்த்துக்கொண்டு போங்கோ. சனிக்கிழமை சுடுறது எனக்குச் சந்தோசமா இருக்கு, அதுக்குத்தான் கேக்கிறன்" என்றாராம். அதிகாரி பேனையை மூடவில்லை. கடையையும் பார்த்துவிட்டே போனார்.

தில்லைநாதன் தன் முதல் ரிவோல்வராக, நான் வேண்டாமென்று விட்ட அதே வகையை, அந்தப் பாரமான உருக்கு ரிவோல்வரையே வாங்கினார். அது இரும்புப் பெட்டியிலிருந்து கிளப்புக்கும், கிளப்பிலிருந்து இரும்புப் பெட்டிக்கும் அன்றி வேறெங்கும் போனதில்லை. அதைக்கொண்டு அவர் போட்டிகளில் வென்றார். வென்ற நாட்களில் சோதி சுட்டுக் கொடுத்த மட்டன் ரோல்ஸைக் கொட்டகையில் பகிர்ந்தார். பிரையன் என் சுடுதலைப் பற்றி ஒருபோதும் கருத்துச் சொன்னதில்லை. ரோல்ஸ் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் என்னிடம் கேட்பார்.

ஈமக்கிரியைகள் முடிந்தபின், போலீசாரின் எழுத்துமூல அனுமதியுடன், பூட்டுள்ள பெட்டியை எடுத்துக்கொண்டு சோதியின் வீட்டுக்குச் சென்றேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, ரிவோல்வரை வெளியே எடுத்து, உருளையைப் புறத்தே தள்ளி, உள்ளே ரவை இல்லை என்பதை அவருக்கும் காட்டினேன். அதன் பாரம் என் கையில் இறங்கியதும், இனி இது என்னுடையது என்று மனம் எண்ணியது.

"நான் ஒருக்காத் தொடலாமோ அண்ணை?" என்று சோதி கேட்டார்.

வெற்றுச் சுவரை நோக்கிப் பிடிக்கச் சொல்லி, அருகிலேயே நின்று கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கினார்.

"உங்களுக்குச் சொல்லுறன். எனக்கு உந்தச் சாமானில சரியான எரிச்சல். ஒவ்வொரு சனியும் என்னை விட்டிட்டு உதோட போட்டார். போனால் போகட்டும். வரேக்கை முகம் கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அங்க அப்பிடி என்ன இருக்கு எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை."

இத்தனை ஆண்டுகளும் அவர்மீது பொறாமைப்பட்டவன் நான் ஒருவனே என்று நினைத்திருந்தேன்.

"இதை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ" என்றார் சோதி. "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும். நான் கிளப்பில சேர்ந்து பழகப்போறன். எனக்கு அனுமதி கிடைக்கும்வரைக்கும் நீங்கள் பத்திரமா வைச்சிருங்கோ. இதையும் மலரில எழுதுங்கோ, பரவாயில்லை."

சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடிப் பார்த்தவன் என்ற வகையில் இதை உறுதியாகக் கூறுகிறேன். உடைமை சோதிக்கு, காவல் எனக்கு. நான் மறைந்த பின்னர், நான் சனிக்கிழமைகளில் எங்கே போனேன் என்று பார்க்க மங்கை புறப்படுவாரா? கேட்டால், யோசித்துச் சொல்வதாகவே கூறுவார்.

தில்லை, உம்மிடம் நான் பொறாமைப்பட்டவற்றில் இதுவே கடைசி, இதுவே பெரியது. இதனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நல்லபடியாகப் போய்வாரும் ஐசே.

ரிவோல்வரை நான் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது, சோதி தம் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். துப்பாக்கி எண்ணெய் மணம் அதில் ஒட்டியிருக்கவேண்டும். தேநீர் போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனவர், குழாயைத் திறந்து, கையைக் கழுவாமலே மீண்டும் மூடிவிட்டு, அப்படியே நின்றார்.