சுறாவை வைத்து நான் போட்ட தப்புக்கணக்கு

ஏற்காட்டில் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துவது என் வேலை. எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு சின்னச் சுறா இருக்கிறது. வாழவந்தியிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. கடலிலேயே கிடக்கும் சுறாவுக்கு உடம்பில் உப்பு மிகுந்துவிடாமல், குடலின் கடைசியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி அதை வெளியே தள்ளுகிறது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுப்பேன். அதற்கு மலக்குடல் சுரப்பி என்று பெயர். பெயரைச் சொன்னதும் பின் பெஞ்சு சிரிக்கும். நான் டஸ்டரால் மேசையைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் அந்தச் சுரப்பியைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

என் மகளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. நெற்றியில் முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். ஓடி விளையாடிவிட்டு வந்தால் காதோரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். எந்நேரமும் இருமல். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

"புள்ளைக்கு உப்பு நொம்ப ஏறிப்போச்சாட்ட இருக்குது," என்றார் வீட்டுக்காரர். அவர் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், உப்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், விடுங்கள். எனக்கு எங்கே போயிற்று புத்தி? நானும் ஆமாம் என்றுதான் நினைத்தேன். அதுவும் பாடத்தை வைத்தே நினைத்தேன். சுறா உப்பை வெளியே தள்ளுகிறது, ஏனென்றால் அதன் உடம்பில் உப்பு அதிகம். என் மகளின் தோலும் உப்பைத் தள்ளுகிறது. ஆகவே இவள் உடம்பிலும் உப்பு அதிகம். இந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு உப்பில்லாச் சமையல். ஊறுகாய், அப்பளம் எல்லாம் நிறுத்தம். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஒரு சாயங்காலம் பள்ளி முடிந்து வந்து பார்க்கிறேன், அடுப்படியில் நின்று கல்லுப்பை அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருக்கிறாள். முதுகில் ஒன்று வைத்தேன். உப்பு ஜாடியை அலமாரி உச்சியில் ஏற்றினேன். நாலு நாள் கழித்து ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறாள். "எத்தன தடவ சொல்றது உனக்கு? உடம்பெல்லாம் உப்பாப் போவுது, இன்னும் உப்பா கேக்குது?" என்று அன்றைக்கு ரெண்டு மூன்று சேர்த்தே விழுந்தது. அவள் அழவில்லை. வாயில் இருந்ததை வேகமாக விழுங்கினாள்.

சித்திரையில் சேலத்தில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. அடிவாரம் இறங்கியதுமே பஸ்ஸுக்குள் அனல் அடித்தது. மகள் காலையிலிருந்து மற்ற பிள்ளைகளோடு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தவள் வாந்தி எடுத்தாள், அப்படியே என் மடியில் சாய்ந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, ரத்தத்தில் உப்பு அபாயமான அளவுக்குக் குறைந்துபோயிருக்கிறது என்றார்கள்.

குறைந்திருக்கிறதா? வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ பார்த்துச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். பெயரைச் சரிபாருங்கள் என்று நர்ஸிடம் சண்டைக்கே போனேன். கண் முன்னால் தோலில் உப்புப் பூத்துக்கிடக்கிறது, உள்ளே இல்லை என்றால் எப்படி நம்புவது? எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அவள் தேறியதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கையில் லேசாக வேர்க்க வைத்து, அந்த வேர்வையைப் பிடித்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் தெரிந்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவதாம். டாக்டரம்மா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க விலங்கியல் டீச்சருங்களா? அப்பச் சொல்றது சுலபமுங்க. சுறாவோட மலக்குடல் சுரப்பி தெரியுமில்லீங்க?"

தூக்கிவாரிப்போட்டது. என் பிள்ளை பிழைப்பாளா என்று கேட்க வந்தால் இந்தம்மா சுறாவைப் பற்றிக் கேட்கிறார்.

"அந்தச் சுரப்பியத் தனியா எடுத்து, ரத்தக்குழாயில டியூபைச் சொருகி, உப்புக்கரைசல ஓடவிட்டு, மறுபக்கம் சொட்டறதப் புடிச்சு அளந்து பாத்திருக்காங்க. செல்லுல இருந்து உப்பு போறதுக்கு ஒரு கதவு இருக்குதுங்க. நமக்கும் அதே கதவுதான். உங்க பாப்பாவுக்கு அது சரியாத் தொறக்கறதில்லீங்க."

"கதவு தொறக்கலைன்னா உப்பு உள்ளதானுங்களே நிக்கணும்?"

"சுறாவுல அது வெளிய விடற கதவு. நம்ம வேர்வைக் குழாயில, வேர்வையோட வர்ற உப்பத் திருப்பி உள்ள வாங்கற கதவு. பாப்பாவுக்கு அப்படித் திரும்பி வர்றதில்லை, அம்புட்டும் தோலோட போயிருது. நுரையீரல்ல மறுபடியும் வெளிய விடற கதவு. அங்க தொறக்கலைன்னா சளி கெட்டியாகும். அதான் அந்த இருமல்."

"ஒரே கதவு எப்படீங்க ரெண்டு பக்கமும்?"

"கதவுக்கு உள்ள, வெளியன்னு தெரியாதுங்க. எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் உப்பு போகும்."

தலையை ஆட்டினேன். நிஜத்தைச் சொன்னால், எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் அந்தப் பாடம் வரும்போது பாதியில் எந்தத் திசை என்று தடுமாறி நிற்கிறேன். ஒன்று மட்டும் அப்போதே தெளிவாகப் புரிந்தது. சுறாவுக்கு உப்பு மிகுதி, அதனால் தள்ளுகிறது. என் மகளுக்கு உப்பு நிற்கவே இல்லை, அவள் இழந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு நான் உப்பை நிறுத்தியிருக்கிறேன்.

இது முழுசாகக் குணமாகாது, ஆனால் மருந்தும் சளியெடுக்கும் பயிற்சியும் இருந்தால் நன்றாக வாழவைக்கலாம் என்றார் டாக்டரம்மா. தினமும் கூடுதலாக உப்பு கொடுக்க வேண்டுமாம். எவ்வளவு என்பதை எழுதத்தான் பேனாவைத் திறந்தார். பிறகு நிறுத்தினார்.

"ஒண்ணுதான் எனக்குப் புடிபடலைங்க. மேல மலையில குளிரு, வேர்வை கம்மி, அதனால இத்தன நாளு தாங்குச்சு, சரி. ஆனா இந்த மாதிரிப் புள்ளைங்க உப்பத் தேடித் தேடித் திம்பாங்க. உடம்பே கேக்கும், இவ்வளவு கொறைய விடாது. பாப்பாவுக்கு அப்படி உண்டுங்களா?" என்னைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கம் திரும்பினார். "உப்பு திங்கப் புடிக்குமா கண்ணு?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க."

"சும்மா எடுத்து நக்கறது?"

"இல்லீங்க. நான் உப்பே தொடமாட்டேனுங்க."

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளத் தாளில் குனிந்தார். அதை நம்பித் தப்பான அளவு எழுதிவிடுவாரோ என்று பதறியது.

"திம்பாளுங்க," என்றேன். "அள்ளி அள்ளித் திம்பா. நாந்தான் அடிச்சு நிறுத்துனேன். ரெண்டு மாசமா உப்பக் கண்ணுலயே காட்டலீங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் மகள் நாற்காலியிலிருந்து இறங்கி, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா லேசாத்தானுங்க அடிச்சாங்க."